மலையகத்தில் நிருபர் வேலை: எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது?

கொழும்பிலிருந்து வெளிவரும் தமிழ்ப் பத்திரிகைகளில் மலையகச் செய்திகளோடு அடைப்புக்குறிக்குள் சின்னதாக ஒரு வரி வரும். மஸ்கெலியா நிருபர், பொகவந்தலாவை நிருபர், பதுளை நிருபர் என்று பல வேளைகளில் ஊர் மட்டும்தான் இருக்கும். அந்த வரிக்குரியவருக்குப் பெரும்பாலும் அலுவலகமும் மேசையும் கிடையாது, மாதச் சம்பளமும் கிடையாது. வெளியான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து வரும் தொகை பஸ்ஸுக்கும் போன் ரீலோடுக்கும் காணாது. அதனால் அவர் பகலில் ஆசிரியராகவோ, ஸ்டூடியோக்காரராகவோ, காப்புறுதி முகவராகவோ இருப்பார். நிருபர் வேலை அதற்கு நடுவில்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எழுத்து நடை பற்றிச் சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் நான் தலையிடப் போவதில்லை. நடை மோசமாக இருந்தால் ஆசிரியபீடத்தில் யாராவது திருத்திவிடுவார்கள். பெயர், இடம், எண்ணிக்கை மூன்றையும் கொழும்பில் இருந்துகொண்டு திருத்த முடியாது. நீங்கள் அனுப்பியதுதான் அச்சாகும், அடுத்த நாள் காலையில் சம்பவம் நடந்த தேயிலைத் தோட்டத்திலேயே, வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் நின்று வாசிப்பார்கள்.

மலையக நிருபர் அடிக்கடி எழுதும் செய்தி எதுவென்றால் தயங்காமல் குளவிக் கொட்டு என்று சொல்லலாம். "குளவிக் கொட்டுக்கு இலக்காகிப் பலர் வைத்தியசாலையில் அனுமதி" என்ற தலைப்பை வருடத்துக்கு எத்தனை தடவை பார்க்கிறோம்! அதனாலேயே அதை அரைத் தூக்கத்தில் எழுதுகிறார்கள். போன் கோல் வந்ததும் என்ன கேட்க வேண்டும்? முதலில் எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எத்தனையாம் இலக்க மலை (தேயிலைத் துண்டு). அடுத்து என்ன வேலை நடந்தது: கொழுந்து பறித்தார்களா, புல்லு வெட்டினார்களா, கவ்வாத்தா (செடியை வெட்டிவிடுவது), மருந்து அடித்தார்களா. கூடு எங்கே இருந்தது: மரத்திலா, கற்பாறையிலா, தேயிலைச் செடிக்குள்ளா. கழுகு கலைத்ததா, மரக்கிளை முறிந்ததா, ஆள் கை பட்டதா. இவ்வளவும் பாதிப் பேர் கேட்பார்கள்.

மற்றப் பாதிக் கேள்விகளில்தான் செய்தி இருக்கிறது. அந்தக் கூடு இருப்பது முன்பே தெரியுமா? தெரியுமென்றால் யார் யாரிடம் சொன்னார்கள், கங்காணியிடமா, வெளிக்கள உத்தியோகத்தரிடமா? அதன் பிறகும் அந்த மலைக்கு ஆட்களை அனுப்பியது யார்? கொட்டு வாங்கியவர்களை எதில் கொண்டுபோனார்கள்: 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸா, தோட்டத்து லொறியா, ஓட்டோவா? மலையிலிருந்து வார்டுக்குப் போக எவ்வளவு நேரம்? தோட்டத்து டிஸ்பென்சரியில் அந்த நேரம் யார் இருந்தார்? அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளப் பதிவு, முழுதாகப் போடப்படுமா, அரைப்பேரா? ஒருவர் இறந்துவிட்டால் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடும்பம் விண்ணப்பித்ததா? 2022இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு உச்ச நட்டஈடு ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. அந்தத் தகவல் எட்டாத லயன்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இன்றும் இருக்கின்றன. செய்தியின் கடைசி வரியாக அதைப் போட்டால் அந்த ஒரு வரிக்காகவே பத்திரிகைத் துண்டை வெட்டி வைப்பார்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். தோட்டத் தலைவர் (தொழிற்சங்கத்தின் தோட்டத்துத் தலைவர்) பதினைந்து பேர் என்பார். நிர்வாகம் எட்டு என்னும். வைத்தியசாலை பதினொன்று என்னும். மூவரில் யாரும் பொய் சொல்லாமலேயே இது நடக்கும். தலைவர் கொட்டு வாங்கிய எல்லோரையும் எண்ணுகிறார். நிர்வாகம் செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பெயர் பதிந்தவர்களை மட்டும் எண்ணுகிறது, கைக்காசுக்கு (அன்றன்றைய கூலிக்கு) வந்தவர்கள் அதில் இல்லை. வைத்தியசாலை தன் பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறது. அதிலும் வெளிநோயாளர் பிரிவில் ஊசி போட்டு அனுப்பியவர்கள் வேறு, வார்டில் தங்கியவர்கள் வேறு. மூன்று எண்ணையும் கூட்டிப் பிரித்து நடுவில் ஒன்றை எழுதுவது பெரிய தவறு. "டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் 11 பேர் அனுமதிக்கப்பட்டனர்" என்று எழுதினால் அது யாருடைய எண் என்பது வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தாலும் அந்த வாக்கியம் நிற்கும்.

லயன் தீப்பற்றினால் குழப்பம் இன்னும் கூடும். "20 வீடுகள் எரிந்தன" என்று ஒருவர் அனுப்புவார், "12 வீடுகள்" என்று இன்னொருவர். இரட்டை லயனில் முன்பக்கமும் பின்பக்கமும் காம்பராக்கள் (லயன் அறைகள்) இருக்கும். ஒரே காம்பராவில் தகப்பன் குடும்பமும் மகன் குடும்பமும் இருக்கும். ஆகவே காம்பரா, குடும்பம், ஆள் மூன்றையும் தனித்தனியாக எண்ணி மூன்றையும் எழுத வேண்டும். உலர் உணவும் தகரமும் குடும்பக் கணக்கில்தான் வரும். பத்திரிகையில் காம்பராக் கணக்கைக் குடும்பக் கணக்காகப் போட்டுவிட்டால் மகன் குடும்பத்துக்கு எதுவும் கிடைக்காது. காரணம் எழுதும்போதும் நிதானம் வேண்டும். "மின்னொழுக்கே காரணம்" என்று தீ அணையும் முன்பே எழுதிவிடுகிறோம். பொலிஸ் விசாரணை முடியும் வரை அது சந்தேகம்தான், அப்படியே எழுதலாம்.

எண்ணிக்கை எப்படியெல்லாம் போகும் என்பதற்கு மீரியபெத்தையை விடப் பெரிய பாடம் கிடையாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தையிலுள்ள அந்தத் தோட்டத்தில் மலை சரிந்தபோது முதல் நாள் செய்திகளில் காணாமற்போனோர் தொகை நூறுகளில் ஓடியது. பின்னர் அது பல மடங்கு இறங்கியது. காலை நேரம் என்பதால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், வேலைக்குப் போனவர்கள் மலையில். லயன்களில் பதிவாயிருந்த ஆட்களின் தொகை வேறு, மண் வந்த நேரத்தில் உள்ளே இருந்தவர்களின் தொகை வேறு. பதிவை வைத்து எண்ணியவர்கள் முதல் எண்ணைக் கொடுத்தார்கள், உலகம் முழுவதும் அதுதான் போனது.

அப்படியான நேரத்தில் ஒரு பிரிவில் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? கிராம உத்தியோகத்தரிடம் குடியிருப்பாளர் பட்டியல் இருக்கும். ஆனால் ஒருவருக்குக் கீழ் பல தோட்டப் பிரிவுகள் வருவதால் அது பழையதாகவும் இருக்கலாம். தேர்தல் இடாப்பில் கொழும்புக் கடைகளில் வேலை செய்பவர்களின் பெயரும் இருக்கும், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். செக்ரோலில் தொழிலாளிகள் மட்டும். எனக்கு மிகவும் நம்பிக்கையானவை இரண்டு: குடும்பநல உத்தியோகத்தரான மிட்வைப் அக்காவின் பதிவு, பிள்ளைக் காம்பரா (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) ஆயாவின் கொப்பி. எந்தக் காம்பராவில் கைக்குழந்தை இருக்கிறது, எந்தத் தாய் சவூதி போயிருக்கிறார், எந்தப் பாட்டி படுத்த படுக்கை என்பதெல்லாம் இவர்களுக்குப் பார்க்காமலே தெரியும். உங்கள் பகுதியில் அந்த இரண்டு பேருடைய நம்பர் கையில் இல்லையென்றால் அமைச்சரின் இணைப்புச் செயலாளர் நம்பர் இருந்து பிரயோசனம் இல்லை.

மழை தொடங்கியதும் வேறு வேலை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலையாக விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். மழை அளவில் சொன்னால் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் முதல் நிலை, 100 தாண்டினால் இரண்டாம் நிலை, 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் மூன்றாம் நிலை. அறிவித்தல் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். "நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை" என்று மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு எதுவும் புரியாது. எந்தப் பிரதேச செயலகம், எந்த நிறம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்ற மூன்றும் தலைப்பிலேயே வர வேண்டும்.

நிறைய நிருபர்கள் பயன்படுத்தாத ஒன்று தோட்டத்து மழைமானி. தோட்டங்களில் தினமும் காலையில் மழையளந்து எழுதி வைக்கிறார்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் எண் பல மைல் தள்ளியுள்ள நிலையத்துடையதாக இருக்கலாம், இது அதே மலையில் பெய்தது. நல்ல உறவு இருந்தால் தோட்டக் காரியாலயத்துக் கிளார்க் போனில் சொல்லுவார். நேற்று எவ்வளவு, முந்தாநாள் எவ்வளவு என்று மூன்று நாள் எண்ணைக் கேளுங்கள். மண் நனைந்து ஊறியிருக்கும்போது சின்ன மழையும் போதும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பாதை, ரயில், மின்சாரம், போன் எல்லாம் ஒரேயடியாக அறுந்தன. அந்த நிலைமையில் செய்தி அனுப்ப முடியாது, ஆனால் சேர்த்து வைக்கலாம். மணி, இடம், சொன்னவர் பெயர் போட்டுப் பேனையால் கொப்பியில் எழுதி வைத்தால் கவரேஜ் கிடைத்ததும் குறுஞ்செய்தியாக அனுப்பலாம். குறுஞ்செய்தி போகும் இடத்தில் படம் போகாது, அதற்காகக் காத்திருக்காதீர்கள். பவர் பாங்கை விட்டுவிட்டு மழைக்குள் இறங்கும் நிருபரை நிருபர் என்று சொல்வதே கஷ்டம்.

இடப்பெயரில் செய்யும் பிழை சின்னதாகத் தெரியும், ஆனால் ஆள் செத்த வீட்டில் அது சின்னதல்ல. ஒரு தோட்டத்துக்குக் கம்பனிக் கணக்கில் ஒரு பெயர், சனங்கள் கூப்பிடுவது இன்னொரு பெயர். பிரிவுகளுக்கும் அப்படியே. மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று வந்தால் எந்தத் தோட்டத்து மேல்பிரிவு என்று கேட்க வேண்டும். பிரதேச சபைகளும் மாறின: 2018 தேர்தலோடு அம்பகமுவ மூன்றாகப் பிரிந்து நோர்வூட், மஸ்கெலியா சபைகள் வந்தன. நுவரெலியா சபையும் பிரிந்து கொட்டகலை, அக்கரபத்தனை சபைகள் உருவாகின. பாதை உடைந்தால் எந்தச் சபை பொறுப்பு என்று எழுதுவதற்கு முன் அது சபைப் பாதையா, வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையதா, தோட்டத்துப் பாதையா என்று பார்க்க வேண்டும். தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவழிக்க முடியாது என்ற பழைய சாக்கு 2018 திருத்தச் சட்டத்தோடு பலம் இழந்துவிட்டது. இன்னமும் அதைச் சொல்லும் உத்தியோகத்தரிடம் திருத்தத்தைக் காட்டிக் கேட்கலாம்.

சம்பளச் செய்திகளில் தலைப்பு எண்ணை மட்டும் எழுதுவது நமது பழைய வியாதி. 2021 மார்ச்சில் 1,000 ரூபா என்றபோது அது 900 அடிப்படைச் சம்பளமும் 100 வரவுசெலவுத் திட்டப் படியும் சேர்ந்தது. 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ஆனது. கையில் எவ்வளவு வருகிறது என்பது நாட்சம்பளத்தில் மட்டும் இல்லை. மாதத்துக்கு எத்தனை நாள் வேலை கொடுக்கிறார்கள்? ஒரு பேருக்கு எத்தனை கிலோ கேட்கிறார்கள், வறட்சிக் காலத்தில் அதைக் குறைத்தார்களா? குறைந்தால் அரைப்பேரா? கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார்கள்? இதற்கெல்லாம் பேட்டி எடுப்பதை விடச் சம்பளச் சிட்டையைக் கேட்டுப் பார்ப்பது மேல். அதில் வேலை நாட்கள், மேலதிகக் கிலோ, சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில், தேயிலைத்தூள், தீபாவளி முற்பணம் எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரே மாதத்துச் சிட்டை நாலைந்து பேரிடம் பார்த்துவிட்டு எழுதுங்கள். படம் எடுத்தால் பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நாள் அந்த அக்காவைத்தான் காரியாலயத்துக்குக் கூப்பிடுவார்கள்.

தோட்டத்துக்குள் போவது பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டம் கம்பனியின் கையில் உள்ள காணி, காவலாளி மறிக்கலாம். லயனுக்குப் போக வேண்டுமென்றால் அங்கே குடியிருக்கும் ஒருவரின் விருந்தாளியாகப் போவதே வழமை. 1920களில் தேசநேசன், தேசபக்தன் பத்திரிகைகளை நடத்திய கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பார்கள். இன்று அவ்வளவு தேவைப்படாது. துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) நேரே போன் போட்டு அவர் தரப்பையும் கேளுங்கள், பேச மறுத்தால் எத்தனை மணிக்குக் கேட்டீர்கள் என்று எழுதி வையுங்கள்.

பொலிஸ் செய்தியில் முதல் தடை மொழி. முறைப்பாட்டுப் புத்தகமும் நீதிமன்றத்துக்குப் போகும் பி அறிக்கையும் பெரும்பாலும் சிங்களத்தில். தமிழ்ப் பெயர் சிங்களத்துக்குப் போய்த் திரும்பத் தமிழுக்கு வரும்போது அடையாளமே தெரியாமல் போகும், வயதும் மாறும். இறந்தவரின் பெயரை அடையாள அட்டையிலிருந்தோ வீட்டாரிடமிருந்தோ மட்டும் எடுங்கள். "கைது செய்யப்பட்டார்" என்றால் சந்தேகநபர்தான், குற்றவாளி அல்ல. திடீர் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொல்லும் முன் காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள். தற்கொலை என்றால் எப்படிச் செய்தார் என்ற விவரம் வேண்டவே வேண்டாம்.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது தண்டனைக்குரிய குற்றம். 1995 திருத்தத்தில் வந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவு அது. பெயரை விட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அறுபது குடும்பங்கள் உள்ள ஒரு பிரிவில் தோட்டத்தின் பெயர், பிள்ளையின் வயது, தாய் வெளிநாட்டில் என்ற மூன்றும் போதும், பெயரே தேவையில்லை. சந்தேகநபர் உறவினர் என்றால் அவருடைய பெயரைப் போடுவதும் பிள்ளையின் பெயரைப் போடுவதும் ஒன்றுதான். இந்த வகைச் செய்தியில் பொலிஸ் பிரிவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், தோட்டப் பெயர் கூடாது. ஆசிரியபீடம் விவரம் கேட்டு நச்சரிக்கும், கொடுக்காதீர்கள்.

அடிக்கல் நாட்டு விழாக்களுக்குத் தவறாமல் அழைப்பு வரும், திறப்பு விழா நடக்கவில்லை என்றால் அழைக்க ஆள் இருக்காது. இங்கேதான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அதிகாரிக்கு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. கேள்வி கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "வீடமைப்புத் திட்டம் ஏன் தாமதம்?" என்று கேட்டால் ஒரு பக்கத்துக்கு விளக்கம் வரும், தகவல் வராது. இன்ன தோட்டத்து இன்ன பிரிவில் 7 பேர்ச் காணி ஒதுக்கிய பயனாளிகளின் தொகை, ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த கொடுப்பனவுகளின் திகதியும் தொகையும், முடிந்த வீடுகள், நீர் இணைப்பும் மின் இணைப்பும் உள்ள வீடுகள் என்று ஏற்கெனவே கோப்பில் இருக்கக்கூடிய ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு விண்ணப்பத்தில் நாலு கேள்விக்கு மேல் வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை ஒட்டி வையுங்கள், நாள் எண்ணுவதற்கு அதுதான் ஆதாரம்.

அனுப்பும் விஷயம். மலையகச் செய்திகள் போகும் பக்கங்கள் முன்கூட்டியே கட்டப்படும், மாலையில் அனுப்பும் சாதாரணச் செய்தி அடுத்த நாளைக்குத்தான். வட்ஸ்அப்பில் தட்டும்போது முதல் வரியிலேயே இடம், நாள், என்ன நடந்தது மூன்றும் வரட்டும். பக்கத்தில் இடம் இல்லாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார்கள். "இன்று" என்று எழுதாமல் திகதியையும் கிழமையையும் எழுதுங்கள். படத்தை வட்ஸ்அப் நசுக்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்பினால் அச்சுக்குத் தாங்கும்.

எழுத்துருத் தொல்லை தனி. போனில் அடிப்பது யுனிகோட், பாமினி என்ற பழைய எழுத்துருவில் பக்கம் கட்டும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. பாமினியில் கமா இருக்க வேண்டிய விசையில் "இ" இருக்கிறது, சாய்கோட்டின் இடத்தில் "ஃ". மாற்றும்போது கவனிக்காவிட்டால் "ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை" என்பது "ஹட்டன்இ கொட்டகலைஇ தலவாக்கலை" ஆகிவிடும், 12/5 என்ற திகதி 12ஃ5 ஆகும். இணையத்தளங்களில் இந்த "இ"யைப் பார்த்துப் பழகி இப்போது யாருமே கண்டுகொள்வதில்லை. பெயர்ப் பட்டியல் என்றால் ஆளுக்கு ஒரு வரியாக அடியுங்கள், திகதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், முதலெழுத்துக்குப் பின் கமா போடாதீர்கள். பாதித் தொல்லை தீரும்.

தொழிற்சங்கம் சார்ந்த நிருபர்கள் மலையகத்தில் நிறைய. அதில் ஒளிக்க எதுவும் இல்லை, சங்கம் இல்லாத வீடே குறைவு. ஆனால் ஒரு சங்கத்தின் அறிக்கையை அப்படியே தன் செய்தியாக அனுப்புவதும் மற்றச் சங்கத்தின் போராட்டத்தைக் காணாமல் விடுவதும் மூன்று மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். பிறகு கோல் வராது. அரசியல்வாதியின் வாகனத்தில் ஏறிப் போனால் அவர் நிற்கும் இடத்தில்தான் நிற்க முடியும், அவர் கிளம்பும்போது கிளம்ப வேண்டும். மண் சரிந்த இடத்தில் அவர் போன பிறகுதான் சனங்கள் பேசத் தொடங்குவார்கள். அதனால் பஸ்ஸில் போங்கள், அல்லது பக்கத்துப் பத்திரிகை நிருபரோடு ஓட்டோக் காசைப் பங்கு போடுங்கள். இந்தத் தொழிலில் போட்டி பேச்சில்தான், பாதைச் செலவில் எல்லோரும் கூட்டாளிகள்.

காசு விஷயத்தில் கூச்சம் வேண்டாம். வெளியான ஒவ்வொரு செய்தியையும் வெட்டி, திகதியும் பக்கமும் எழுதி, மாதவாரியாக ஒட்டி வையுங்கள். மாதம் முடிந்ததும் பட்டியல் போட்டு அனுப்பி ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். இணையத்தளத்தில் மட்டும் போட்ட செய்திக்குக் கொடுப்பனவு உண்டா என்பதைத் தொடங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாழ்த்து விளம்பரம், மரண அறிவித்தல் எடுத்துக் கொடுத்தால் கமிஷன் எவ்வளவு, எப்போது என்பதையும் அப்படியே. அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அடையாள அட்டைக்கு நிறுவனம் சிபாரிசு செய்தால்தான் கிடைக்கும். வருடக் கடைசியில் அதை ஞாபகப்படுத்த வேண்டியவர் நீங்கள்தான், அவர்களாகச் செய்ய மாட்டார்கள்.